குறைந்த கார்பனில் இயங்கும் நகரைத் திட்டமிடுவது எப்படி: தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நகராட்சி தன் கார்பன் உமிழ்வைக் குறைக்க முடிவெடுத்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் சோலார் பேனல் பொருத்துவதுதான். அதில் தவறில்லை, ஆனால் வரிசைப்படி பார்த்தால் அது ஏழாவதாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பேனலின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்துச் சாலை போட்டுவிட்டாலோ, அந்தச் சாலை பல தலைமுறைகளுக்கு அதே இடத்தில் கிடக்கும். அங்கே குடியேறுபவர்கள் பால் வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும் எவ்வளவு தூரம் போக வேண்டும், அவர்களுக்கான தண்ணீரை எவ்வளவு தொலைவுக்குத் தள்ள வேண்டும், அவர்கள் வீட்டுச் சுவர்களில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பவை எல்லாம் அன்றைக்கே தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே ஆற்றல் தேவையைக் குறைக்கும் முடிவுகள் முதலில் வர வேண்டும், பெட்ரோல் டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறும் முடிவுகள் அடுத்து வர வேண்டும், மின்சாரத்தைத் தூய்மையாக்கும் முடிவுகள் அவற்றோடு இணைந்து நடக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை வாழும் நகரங்களின் மன்ற உறுப்பினர்களையும் பொறியாளர்களையும் நகரமைப்பு அலுவலர்களையும், வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் எழுந்து கேள்வி கேட்க விரும்பும் குடிமக்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையைப் பற்றிப் பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் உருவம் மாறப்போகும் நகரங்கள் இவைதான். அவற்றின் பெரும்பகுதி இன்னும் கட்டப்படவே இல்லை என்பதால் சரியாகச் செய்வதற்கான வாய்ப்பும் இங்கேதான் மிகுதி.

முதல் படி: உமிழ்வைக் கணக்கிடுங்கள்

நகரங்கள் தங்கள் பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடுவதற்கென உலக அளவில் 2014ஆம் ஆண்டு ஒரு நெறிமுறை வெளியானது. கட்டடங்களும் தொழில்களும் பயன்படுத்தும் ஆற்றல், போக்குவரத்து, கழிவு என்னும் மூன்று தலைப்புகளில் தொடங்கினால் போதும் என்று அது அனுமதிக்கிறது. சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாகும் நிலையை, எட்டுவதை இலக்காகக் கொண்டது. அதில் தனிநபர் உமிழ்வு ஆண்டுக்கு 1.9 டன் என்றும், மொத்த உமிழ்வில் பத்தில் ஏழு பங்கு கட்டடங்களும் தொழில்களும் பயன்படுத்தும் ஆற்றலிலிருந்து வருகிறது என்றும் கணக்கிட்டிருந்தார்கள். உங்கள் நகரின் விகிதம் வேறாக இருக்கலாம். சாயப்பட்டறைகள் உள்ள ஊரும் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரும் ஒரே கணக்கில் அடங்கா.

தொடங்குவதற்கு நான்கு தரவுகள் தேவை: மின்வாரியத்திடமிருந்து வீடு, வணிகம், தொழில், உள்ளாட்சி என இணைப்பு வாரியான யூனிட் விவரம், எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து பெட்ரோல் பங்க்குகளின் ஆண்டு விற்பனை, எரிவாயு முகவர்களிடமிருந்து சிலிண்டர் எண்ணிக்கை, நகராட்சியின் சுகாதாரப் பிரிவிலிருந்து தினசரிக் குப்பை எடை. பெருக்கிக்கொள்ள வேண்டிய எண்கள் எளியவை. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு எனக் கொள்ளலாம்.

இதே எண்களைக் கொண்டு ஒரு வீட்டையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பம் மின்சாரத்தால் ஆண்டுக்கு 1,260 கிலோ கரியமில வாயுவுக்குக் காரணமாகிறது. எட்டு சிலிண்டர் எரித்தால் 340 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் ஆண்டுக்கு 300 நாள், நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் போய்வந்தால் இன்னும் 300 கிலோ சேர்கிறது. பகுதி சபையில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். டன் கணக்கில் பேசும்போது புரியாத விஷயம் சொந்த மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்க்கும்போது புரிந்துவிடும்.

இரண்டாம் படி: நிலப் பயன்பாட்டு வரைபடத்தைக் கையில் எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாரிக்கப்படும் முழுமைத் திட்டம், அதாவது எல்லோரும் மாஸ்டர் பிளான் என்று அழைக்கும் ஆவணம், எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது வேளாண்மை என்று வகுக்கிறது. அதைப் பொதுவாக நில வியாபாரத்துக்கான ஆவணமாகத்தான் மக்கள் பார்க்கிறார்கள். உண்மையில் அதுவே நகரின் முதல் ஆற்றல் ஆவணம்.

வரைபடத்தின் மீது பேருந்து செல்லும் சாலைகளைக் குறித்து, ஒவ்வொரு சாலைக்கும் இருபுறமும் 500 மீட்டர் அகலத்துக்குப் பட்டை வரையுங்கள். அது ஏழெட்டு நிமிட நடை. நகரின் மக்களில் எத்தனை பேர் அந்தப் பட்டைக்குள் வாழ்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு கடந்த ஐந்தாண்டுகளில் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளை அதே வரைபடத்தில் குறியுங்கள். பல ஊர்களில் புதிய மனைகளில் பெரும்பாலானவை பட்டைக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டி, கடையும் பள்ளியும் இல்லாத வயல்வெளியில் கிடப்பதைக் காண்பீர்கள். அங்கே வீடு கட்டும் குடும்பத்துக்கு இருசக்கர வாகனம் இல்லாமல் வாழ வழியில்லை. விரைவில் இரண்டாவது வண்டியும் தேவைப்படும்.

இதற்கான மாற்று, பட்டைக்குள் அடர்த்தியைக் கூட்டுவதும் வெளியே அனுமதியைத் தாமதப்படுத்துவதும்தான். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப் பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பைக் கட்டலாம் என்ற அளவை, முறைப்படுத்தியிருக்கின்றன. பேருந்துச் சாலைகளை ஒட்டிய பகுதிகளில் கூடுதல் தளப் பரப்பை ஊக்குவித்து, தரைத் தளத்தில் கடைகளையும் மேலே வீடுகளையும் அனுமதித்தால் நம் பழைய கடைவீதிகளின் அமைப்பு திரும்பக் கிடைக்கும். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளில் ஒருவர் காய்கறி, துணி, மருந்து, பாத்திரம் எல்லாவற்றையும் நடந்தே வாங்கிவிட முடிவது இந்தக் கலப்பினால்தான். பெரிய மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கென ஒப்படைக்கப்படும் 10 சதவீத நிலத்தையும் கவனியுங்கள். யாருக்கும் பயன்படாத மூலையில் ஒதுக்கப்படும் அந்த நிலம், அங்கன்வாடிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அருகே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் அதன் மதிப்பே வேறு.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கே அவசியம். முதலாவது, பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவது. நெரிசல் குறையும் என்ற நியாயம் உண்மைதான். ஆனால் இணைப்பு முதலில் வர வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது அதையொட்டிய ரயில் நிலையம் தயாராகியிருக்கவில்லை; நகருக்குள் செல்ல வேண்டியவர்கள் மாநகரப் பேருந்தையும் ஆட்டோவையும் நம்ப வேண்டியிருந்தது. இரண்டாவது எச்சரிக்கை மனச்சாட்சியோடு தொடர்புடையது. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்படும் ஏழைக் குடும்பங்களுக்கு ஊருக்கு வெகுதொலைவில் அடுக்குமாடி வீடு கொடுப்பது சென்னையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தொடர்ந்து நடந்திருக்கிறது. நடந்து வேலைக்குப் போனவர்களைப் பல கிலோமீட்டர் பயணத்துக்குத் தள்ளுவது அவர்களுடைய வருமானத்தையும் நேரத்தையும் பறிக்கிறது. கார்பன் கணக்கிலும் அது நட்டமே. உங்கள் ஊரில் மறுகுடியமர்வு தவிர்க்க முடியாததாக இருந்தால், 500 மீட்டர் பட்டைக்குள் அரசு நிலத்தை அதற்கென முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கை வரைபடத்தில் முதலில் பூட்டிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் படி: தண்ணீரை ஏற்றும் மின்சாரம்

உள்ளாட்சியின் மின்கட்டணத்தில் குடிநீரேற்றமும் தெருவிளக்கும்தான் பெரும்பங்கை விழுங்குகின்றன. தெருவிளக்குகள் பெரும்பாலும் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. மோட்டார்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீரேற்று நிலையத்தின் கதவுக்குப் பின்னால் அவை எவர் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற இயற்பியல் விதிப்படி 0.27 யூனிட் தேவை. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50 சதவீதத் திறனில் ஓடினால் 0.54 யூனிட் செலவாகும். 70 சதவீதத் திறன் இருந்தால் 0.39 யூனிட் போதும். ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 1 கோடியே 35 லட்சம் லிட்டர் வேண்டும். குழாய் உராய்வையும் சேர்த்து மொத்த ஏற்றம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், திறனை 50இலிருந்து 70க்கு உயர்த்துவதால் மட்டும் நாளொன்றுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். அவ்வளவு மின்சாரத்தைச் சோலாரில் உற்பத்தி செய்ய 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பேனல்களும், அவற்றைப் பரப்ப ஒரு ஏக்கருக்கும் அதிகமான இடமும் தேவை. பழைய பம்பை மாற்றுவதற்கு நிலமே வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை: ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் நீரளவு மானியையும் மின்மானியையும் பொருத்தி, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று மாதந்தோறும் பதிவு செய்வது, மிக மோசமான மூன்று மோட்டார்களை முதலில் மாற்றுவது, குழாய்க் கசிவைத் தேடி அடைப்பது. கசியும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரம் செலவழித்து ஏற்றப்பட்ட லிட்டர். உள்ளூர் நீர் ஆதாரம் வற்றினால் தொலைதூரக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும், கடலோர ஊர்களில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை கேட்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும்தான் நாட வேண்டியிருக்கும். இந்த வகையில் பார்த்தால் ஊர்க் குளத்தைத் தூர்வாருவதும், தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பைச் செயல்பாட்டில் வைத்திருப்பதும் ஆற்றல் சேமிப்பு வேலைகளே.

நான்காம் படி: வெப்பத்தைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்

ஏ.சி. வாங்குவதைக் குற்றமாகப் பேசுவது நியாயமில்லை. மே மாத இரவில் மேல்மாடி அறையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பகல் முழுவதும் கான்கிரீட் தளம் குடித்த வெயில் நள்ளிரவு வரை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வேய்ந்த மெட்ராஸ் டெரஸ் கூரைகளை விட்டுவிட்டு வெறும் கான்கிரீட் தளத்துக்கு மாறியபோது, வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் தலைக்கு மேலே வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நிற்கிறது. எனவே கோடையில் அதிகம் சுடுவது கூரை. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். இந்த ஒரு புரிதலை வைத்தே மூன்று விதிகளை மன்றத்தில் நிறைவேற்றலாம். புதிய கட்டடங்களின் தளத்துக்கு வெள்ளை ஓடு அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு வேண்டும்; மேற்குச் சுவரின் சன்னல்களுக்கு நீண்ட நிழல் தடுப்பு வேண்டும்; மனைப்பிரிவில் தெருக்களைக் கிழக்கு மேற்காக ஓடவிட்டு, வீடுகளின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி மனைகளை அமைக்க வேண்டும். எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு இவற்றுக்கான அளவீடுகளைத் தருகிறது.

நகராட்சிப் பள்ளிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து தொடங்குங்கள். தகரக் கூரையின் கீழ் வாழும் குடும்பங்களுக்கு வெள்ளைப் பூச்சை நகராட்சிச் செலவிலேயே அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; வெப்ப அலையில் முதலில் சாய்பவர்கள் அவர்கள்தான். 75 வாட் இழுக்கும் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியை அரசுக் கட்டடங்கள் அனைத்திலும் பொருத்துவதும் இந்தப் படியில் சேரும்.

ஐந்தாம் படி: நடை, பேருந்து, அதன் பிறகே மின்வாகனம்

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் வாகனம் சாராத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. உங்கள் ஊரில் அவ்வளவு பெரிய வேலை தேவைப்படாது. பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, சந்தை, பள்ளி ஆகிய நான்கையும் இணைக்கும் சாலைகளில் மட்டும் முழங்கால் நோகாமல் ஏறக்கூடிய உயரத்தில், மின்மாற்றியும் விளம்பரப் பலகையும் மறிக்காத நடைபாதையை அமையுங்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு அதிலேயே இடம் குறித்துக் கொடுங்கள். அவர்கள் இருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். இது தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காலநிலை நடவடிக்கைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன், அந்தப் பெயரில் அது அறிவிக்கப்படவில்லை என்றாலும். ஆனால் 40 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் தடத்தில் கட்டணமில்லை என்பதால் யாருக்குப் பயன்? போக்குவரத்துக் கழகத்தோடு பேசி முக்கியமான இரண்டு மூன்று தடங்களில் பத்து நிமிட இடைவெளியைக் கொண்டுவருவது, பத்துத் தடங்களில் பெயரளவுக்கு ஓட்டுவதைவிட மேலானது.

மின்வாகனத்தின் கணக்கு சாதகமானது. மின்ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 யூனிட் எடுக்கிறது. நிலக்கரி மிகுந்த இன்றைய மின்சாரத்திலேயே அதன் உமிழ்வு பெட்ரோல் வண்டியின் உமிழ்வில் பாதிக்கும் குறைவு. நாள் முழுவதும் ஓடும் ஷேர் ஆட்டோ, குப்பை வண்டி, நகரப் பேருந்து ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். ஒரு வாகனம் எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ அவ்வளவு அதிகம் மிச்சம்.

ஆறாம் படி: ஈரக் குப்பை கிடங்குக்குப் போகக் கூடாது

காற்றுப் புகாமல் மட்கும் உணவுக் கழிவு மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்ததை நினைவில் வையுங்கள். வீட்டிலேயே தரம் பிரிப்பது, வார்டுக்கொரு நுண் உரமாக்கும் மையம், சந்தைக் கழிவுக்கு ஒரு சாண எரிவாயுக் கலன் போன்ற அமைப்பு ஆகிய மூன்றும் போதும். தூய்மைப் பணியாளர்களின் எண்ணிக்கையும் ஊதியமும் குறையும் இடத்தில் தரம் பிரித்தல் ஒருபோதும் நிலைத்ததில்லை.

ஏழாம் படி: இப்போது மின்சாரத்தைத் தூய்மையாக்குங்கள்

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. 100 சதுர அடி நிழலற்ற தளம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில், குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்குச் சோலாரால் மிச்சமாவது சொற்பம். அதிகம் செலவழிக்கும் வீடுகள், திருமண மண்டபங்கள், பள்ளிகள், அரிசி ஆலைகள் ஆகியவற்றின் கூரைகளை முதலில் அணுகுங்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரையே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நகராட்சிக் கூரைகளில் வரும் மின்சாரத்தின் ஆதாயத்தைக் குடிநீர்க் கட்டணக் குறைப்பாகத் திருப்பினால் அவர்களையும் அது சென்றடையும்.

பகலில் சோலார் மிகுதியாகவும், மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடங்களில் காற்றாலை மின்சாரம் மிகுதியாகவும் கிடைக்கிறது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும்போதுதான் தட்டுப்பாடு. மாநில அளவில் இதற்காகக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது; மின்சாரம் மிகுதியாக இருக்கும்போது நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு அது மின்சாரம் எடுக்கிறது. உங்கள் ஊரிலும் அதன் சிறிய வடிவம் இருக்கிறது: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. விடியற்காலையும் மாலையும் ஓடும் மோட்டார்களைக் காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை ஓடும்படி மாற்றி, தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு தொட்டி கட்டினால், வெயிலில் கிடைத்த மின்சாரம் தண்ணீராகச் சேமிக்கப்பட்டு மறுநாள் காலை குழாயில் வரும்.

சமையலில் மட்டும் நிதானம் வேண்டும். ஒரு சிலிண்டர் தரும் சமையல் வெப்பத்தை மின்தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்பில் பெற ஏறத்தாழ 120 யூனிட் தேவை. இன்றைய மின்கட்டமைப்பில் அதன் உமிழ்வு சிலிண்டரைப்போல் இரு மடங்கு. கூரைச் சோலார் உள்ள பள்ளிகளின் காலை உணவுக் கூடங்கள், விடுதிகள் ஆகியவற்றில் பகல்நேரச் சமையலுக்கு இப்போதே மாறலாம். வீடுகளுக்கு மின்கட்டமைப்பு தூய்மையாகும் வரை காத்திருக்கலாம்.

எட்டாம் படி: பணமும் பொறுப்பும்

பணமில்லை என்று கைவிரிப்பவர்களுக்கு ஓடந்துறையைக் காட்டுங்கள். மேட்டுப்பாளையம் அருகே உள்ள அந்த ஊராட்சி, 2006இல் வங்கிக் கடனையும் தன் சேமிப்பையும் கொண்டு 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை விற்றே கடனை அடைத்தது. ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே முன்வைப்புத் தொகை திரட்டியது. இந்தூர் மாநகராட்சி நர்மதையிலிருந்து நீரேற்றும் மின்கட்டணத்தைக் குறைக்க, 60 மெகாவாட் சோலார் நிலையத்துக்காக 2023 பிப்ரவரியில் பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது. மூன்றிலும் திருப்பிச் செலுத்தும் வழி முன்கூட்டியே தெளிவாக இருந்தது அல்லது பயன் யாருக்கு என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் நகரில் மோட்டார் மாற்றத்தால் மிச்சமாகும் மின்கட்டணத்தைப் பொதுக் கணக்கில் கரைய விடாமல் தனிக் கணக்கில் சேர்த்து, அடுத்த படிக்கான முதலாக்குங்கள். பொறியியல், நகரமைப்பு, சுகாதாரம் ஆகிய மூன்று பிரிவுகளிலிருந்தும் ஒருவரைக் கொண்ட சிறு குழுவுக்குப் பொறுப்பைக் கொடுத்து, ஆண்டுதோறும் நவம்பர் 1 உள்ளாட்சி தினப் பகுதி சபைக் கூட்டத்தில் நான்கு எண்களை வாசிக்கச் செய்யுங்கள்: ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு எத்தனை யூனிட், 500 மீட்டர் பட்டைக்குள் அனுமதி பெற்ற புதிய வீடுகள் எத்தனை சதவீதம், முக்கியத் தடங்களில் பேருந்து இடைவெளி எத்தனை நிமிடம், கிடங்குக்குப் போன ஈரக் குப்பை எத்தனை டன். முதல் ஆண்டில் இந்த எண்கள் மோசமாகவே இருக்கும், அப்படியே வாசியுங்கள்.